சங்கு கேட்டது என்று எழுதியவன்

என் இடது காதுக்குள் இன்னும் நூல் நூற்கும் ஒரு ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கிறது. மில்லை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் அது நிற்கவில்லை. டாக்டர்களிடம் இதுவரை ஏழு முறை போய்விட்டேன். ஏழு முறையும் வயதாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். வயது என்றால் இரண்டு காதிலும் அல்லவா இரைய வேண்டும்? எனக்கு இடது காதில் மட்டும்தான். டைம் ஆபீஸில் என் நாற்காலிக்கு இடப்பக்கம்தான் ஸ்பின்னிங் ஷெட்டின் கதவு இருந்தது. இதை எந்த டாக்டரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் பொம்மிடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் டைம் கீப்பராக இருந்தேன். வேலை, ஆட்களை எண்ணுவது. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. உள்ளே வரும்போது என் பலகையில் மாட்டுவார்கள், போகும்போது எடுத்துக்கொள்வார்கள். பலகையில் எத்தனை டோக்கன் தொங்குகிறதோ அத்தனை பேர் உள்ளே. எனக்கு எண்ணுவது வேலைக்கு முன்பே வந்த வியாதி. ரயிலடியிலிருந்து மில் கேட் வரை ஆயிரத்து நானூற்றுப் பத்து எட்டு. மழை நாளில் கூடும். மில்லில் என்னைக் ‘கணக்கு சார்’ என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஸ்பின்னிங் ஷெட்டில் நாற்பத்திரண்டு ஃப்ரேம். வடக்கே ஒரு கதவு, தெற்கே ஒரு கதவு. காலை ஷிப்டில் அறுபத்துநான்கு பேர். எல்லா ஃப்ரேமும் ஓடும்போது உள்ளே போனால் அதைச் சத்தம் என்று சொல்லத் தோன்றாது. நெஞ்சுக்கூட்டில் ஏதோ நடுங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவன் வாய் அசையும், குரல் வராது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசினார்கள். நூல் அறுந்தது, தண்ணீர் வேண்டும், டீ வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் கையில் ஒரு ஜாடை. காதில் பஞ்சை உருட்டி அடைத்துக்கொள்வார்கள். பஞ்சுக்கா அங்கே பஞ்சம்.

ஒரு நாள் முற்பகலில் ப்ளோ ரூமில் தீ பிடித்தது. பஞ்சுப் பேல்களைப் பிரித்து உதறும் இடம் அது. கல்லோ கம்பித் துண்டோ மிஷினுக்குள் போனால் பொறி பறக்கும். கூரைச் சங்கை ஊதினார்கள். ஷிப்டுக்கு ஊதும் அதே சங்கு, ஆபத்து என்றால் விட்டு விட்டு ஊத வேண்டும். மணலும் தண்ணீரும் போட்டு அணைத்தார்கள். ஸ்பின்னிங் ஷெட்டிலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை. டீக்கு வந்தபோதுதான், “என்னா இது, ஒரே கருகல் நாத்தமா அடிக்குது?” என்று கேட்டார்கள். ப்ளோ ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அன்று என் பலகையில் தொங்கிய அறுபத்துநான்கு டோக்கன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை.

அதன்பின் மேனேஜர், ஷெட்டுக்கு உள்ளேயே வடக்குக் கதவுக்கு மேல் ஒரு சங்கு வைக்கச் சொன்னார். ஒத்திகை நடத்தி, வேப்பமரத்தடியில் வந்து நிற்பவர்களை எண்ணும் வேலை எனக்கு. முதல் ஒத்திகையில் முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். போதாது என்று எலக்ட்ரீஷியன் இன்னும் பெரிய சங்காக ஒன்றை மாட்டினார். அதை மூன்று நாள் ஊதி ஊதிப் பார்த்தார். நான்காம் நாள் ஒத்திகை. முப்பத்தொரு பேர்தான் வந்தார்கள்.

இரண்டு தடவை எண்ணினேன். முப்பத்தொன்றுதான். சத்தத்தைக் கூட்டினோம், ஆட்கள் குறைந்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கதவுப் பக்கம் வேலை செய்பவர்கள் புதுச் சங்கின் அலறல் தாங்காமல் பஞ்சை இரட்டையாக அடைத்து, அதற்கு மேல் தலைத்துண்டையும் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சங்குக்கு மிக அருகில் இருந்தவர்களுக்குத்தான் அது சுத்தமாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு அறிக்கை எழுதினேன். இந்த ஷெட்டில் காதை நம்பிப் பயனில்லை. ஃப்ரேம் வரிசைகளுக்கு மேலே விட்டு விட்டு எரிகிற சிவப்பு விளக்குகள் வைக்க வேண்டும் என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். சொன்னதற்குக் கணக்கு வேண்டுமே என்று, வெளியே வராத முப்பத்துமூன்று பேரின் டோக்கன் எண்களையும் வரிசையாக எழுதிக் கீழே இணைத்துவிட்டேன்.

மேனேஜர் அறிக்கையை விட்டுவிட்டுப் பட்டியலைப் படித்தார்.

“ஏங்க, முப்பத்தொரு பேருக்குக் கேட்டிருக்கு இல்லீங்களா?”

“ஆமாங்க சார்.”

“அப்ப சங்குல என்னங்க கோளாறு? காதுலதான கோளாறு?”

நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன். ஹெட் ஆபீஸுக்கு எழுத வேண்டும், அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார். பிறகு பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “அடுத்த மாசம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவர் முன்னால ஒருக்கா ஊதுவோம். அன்னைக்கு எவன் வெளிய வரலையோ அவனத் தருமபுரிக்கு அனுப்பிக் காது பாத்துரலாம். கேக்கலைன்னா லாயக்கில்லைன்னு எழுதி வூட்டுக்கு அனுப்பிரலாம். அவனுக்கும் நல்லது, மில்லுக்கும் நல்லது.”

முப்பத்துமூன்று பேரில் முப்பத்திரண்டு பேர் காதிலிருந்து பஞ்சை எடுத்தால் டாக்டர் சொல்வது ஓரளவு கேட்கும். பதினாறாம் நம்பருக்குக் கேட்காது. அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். தருமபுரியில் பூட்டுக்கடை வைத்திருந்த குடும்பம். அவர் ஒருவர் மட்டும் ஃப்ரேம் பார்க்க வந்தவர். ஃப்ரேமில் நூல் அறுவதைப் பார்த்து ஒட்டுகிற சைடர் வேலை. அவருக்குக் காது போய் எட்டு வருடம் ஆகிவிட்டது. எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆபீஸில் எனக்கு மட்டும் தெரியும். ஓய்வுக்குப் பதினைந்து மாதம் இருந்தது. லாயக்கில்லை என்று எழுதினால் அந்த மாதமே மில் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டில் அவர் மனைவி எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார்.

மேனேஜர் சொன்னது அன்றே ஷெட்டுக்கு எட்டிவிட்டது. மறுநாள் டீ நேரத்தில் பாய் டைம் ஆபீஸுக்கு வந்தார். கூடவே ஷெட்டைக் கூட்டிக் கழிவுப் பஞ்சு அள்ளும் அம்மாவும் வந்தாள். இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவார்.

“முப்பத்துமூணு பேர எண்ணத் தெரிஞ்சுதில்ல கணக்கு சார், பாய் அண்ணன உட்டுட்டு முப்பத்திரண்டுன்னு எண்ணத் தெரியலீங்களா?”

“நான் விளக்கு கேட்டு எழுதினேன்மா.”

“நீங்க வெளக்கு கேட்டீங்க. அந்த ஆளு வேலயப் புடுங்கப் பாக்கறாரு. நல்லா எழுதனீங்க போங்க.”

பாய் அவள் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “சார் மேல கோவிக்காதம்மா,” என்றார். “நான் சைடு பாக்கறது கண்ணாலங்க சார். நூலு அறுந்த சத்தத்தக் காதால கேட்டு ஒட்டறவன் எவனாச்சும் இருக்கறானா?”

யாரும் இல்லை. அதை மேனேஜரிடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அப்போது அந்த அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்வதில்லை என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேர் மேலும் செய்தேன். பிறகுதான் அவள் சொன்னாள். மேனேஜர் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் முதல் ஃப்ரேமில் இருப்பவன் தன் வயிற்றைத் தடவுவான். மேனேஜருக்குத் தொப்பை பெரிது. அதைப் பார்த்தவன் தடவுவான், அவனைப் பார்த்து அடுத்தவன். மேனேஜர் மூன்றாவது ஃப்ரேமைத் தாண்டுவதற்குள் கடைசி ஃப்ரேமில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான்.

“பாய் அண்ணனுக்கும் தெரியும். இத்தன வருசத்துல ஒருக்காவாச்சும் மாட்டியிருக்கறாரா?” என்றாள்.

சங்குக்குப் பதில் இதையே வெளியே வரச் சொல்லும் ஜாடையாக வைக்கலாம் என்று மறுநாளே சோதித்தோம். நான் வடக்குக் கதவில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். அவள் வயிற்றைத் தடவினாள். நாற்பது விநாடியில் ஜாடை தெற்குக் கதவைத் தொட்டுவிட்டது. எந்தச் சங்கும் செய்யாத வேலை. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை. வழக்கத்தைவிட விறைப்பாக ஃப்ரேம் முன்னால் நின்றார்கள். ஒருவன் துணியை எடுத்து மிஷினைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டான். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும் அப்படித்தான். வயிற்றைத் தடவினால் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருந்தது.

“தூ, இந்தத் தொப்ப ஆவாது,” என்றாள் அந்த அம்மா.

துண்டை யோசித்தவர் பாய். ஷெட்டில் பஞ்சு பறந்து தலையில் படியும், அதனால் ஆண் பெண் எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். ஷிப்ட் முடிந்தால்தான் அதை அவிழ்த்து உதறுவார்கள். ஷெட்டில் யாராவது துண்டை உதறினால் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம், அதைப் பார்த்தவன் கையும் தானாகத் தலைக்குப் போகும். கழிவுப் பஞ்சைக் கொட்ட அடிக்கடி வெளியே போகிறவள் என்பதால் அந்த அம்மா மட்டும் காதில் பஞ்சு வைப்பதில்லை. அவளுக்குச் சங்கு கேட்கும். கேட்டதும் அவள் துண்டை உதற வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சங்கு ஊதியது. நான் வேப்பமரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் பத்து விநாடியில் அறுபத்துநான்கு பேரும் வெளியே. பாய் மூன்றாவதாக வந்தார். எல்லோர் கையிலும் துண்டு. வெயிலில் பஞ்சுத் தூள் புகைபோலப் பறந்தது. மேனேஜருக்கு வாய் மூடவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இன்ஸ்பெக்டர் பாயிடம் போய் நின்றார். தூசுக்காகக் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார். அந்தக் கைக்குட்டைக்குள்ளிருந்து, எத்தனை வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பாய் அவர் முகத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே வாயே இல்லை. இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, ஒரு கையில் நூல் அறுவதைக் காட்டும் ஜாடையைச் செய்து, இரண்டு விரல் காட்டினேன், பிறகு எட்டு.

“இருபத்தெட்டு வருசமா சைடு பாக்கறேனுங்க ஐயா,” என்றார் பாய்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது. சங்கு எல்லாப் பகுதியிலும் கேட்டதா? நான்தான் நிரப்ப வேண்டும். ‘கேட்டது’ என்று எழுதினேன். நான்கே எழுத்து. அதுவரை பதினேழு வருட வேலையில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவன் நான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், இன்ஸ்பெக்டர் போட்டார். போகும்போது மேனேஜர் என் தோளில் தட்டி, “பாத்தீங்களா, இதுக்குப் போயி வெளக்கு கேட்டீங்களே,” என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாயின் வேலை நிலைத்தது. ஆனால் அந்தக் காகிதம் இருக்கும் வரை விளக்கு வராது. இடையில் ஆபத்து என்றால் ஒருத்தியின் தலைத்துண்டுதான் சங்கு. தினமும் ஷிப்ட் ஆரம்பித்ததும் ஷெட்டை ஒரு சுற்று சுற்றித் தலைகளை எண்ணினேன். துண்டு இல்லாத தலை சில நாள் இரண்டு, சில நாள் ஐந்து. “ஏம்பா, துண்டு எங்க?” என்று கேட்பேன். “துவைச்சுப் போட்டிருக்கறேனுங்க,” என்பான். ஒரு துண்டு வைத்திருப்பவன் அதைத் துவைக்கக் கூடாது என்று நான் எப்படிச் சொல்வது? மற்ற இரண்டு ஷிப்டுகளிலும் சொல்லிக்கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டோம் என்றார்கள். நான் பார்க்கவில்லை. மூன்று ஷிப்டும் சேர்ந்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். இதைத் தினம் பெருக்கிப் பார்ப்பேன். ஒரு நாளும் குறைந்ததில்லை.

ஒன்பதாம் மாதம் மறுபடியும் ப்ளோ ரூமில் புகைந்தது. சங்கு ஊதியது. வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் பலகை நினைவுக்கு வந்தது. காலையில் அறுபத்தொரு டோக்கன்தான் எண்ணினேன். வராத மூவரில் அந்த அம்மாவும் ஒருத்தி. பாப்பாரப்பட்டியில் அக்கா மகள் கல்யாணம் என்று முந்தின நாளே என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஷெட்டுக்கு ஓடினேன். என்னிடம் துண்டு கிடையாது. நான் ஆபீஸ் ஆள். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறிக்கொண்டே முதல் வரிசைக்குள் ஓடினேன். முதல் ஃப்ரேமில் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்து, விசிறிக்கொள்வதுபோல் ஜாடை காட்டினான். வியர்வை துடைக்கிறேன் என்று நினைத்துவிட்டான். இரண்டாமவன் தண்ணீர்ப் பானை இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். நான் வாய்விட்டுக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஐந்தாவது ஃப்ரேமில் பாய் திரும்பினார். என் வாயைப் பார்த்தார். உடனே தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். அதற்குப் பிறகுதான் ஷெட் அசைந்தது.

எல்லோரும் வெளியே வந்தபோது ப்ளோ ரூமில் புகை அடங்கிவிட்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் ப்ளோ ரூமிலேயே நின்றதால் இந்தப் பக்கம் நடந்ததைப் பார்க்கவில்லை. நான் கடிகாரம் பார்த்திருந்தேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

அன்று பாய் என் ஆபீஸுக்கு வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்கு முன் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

“எழுதிருங்க சார். சங்கு கேக்கலேன்னு எழுதிருங்க. நான் போயிடறேன்.”

“வீட்ல?”

“வூட்டம்மாவத் தருமபுரிக்குத் தூக்கிட்டுப் போயிடறேன். தம்பி வூட்டு மாடில ஒரு ரூமு இருக்கு. பதிமூணு படி. தூக்கிருவேன்.”

என்னைப்போல் அவரும் படிகளை எண்ணி வைத்திருந்தார். நான் தாளை எடுத்தேன். எடுத்து, கீழே வைத்தேன். “இன்னும் அஞ்சு மாசம்தானே பாய். பொறுங்க,” என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்பதுபோல். நான் தாளை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். அவரைப் பட்டியலில் எழுதியவன் நான். அவர் படியேறுவதை நினைத்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை ஓட்ட எனக்குத் தெம்பில்லை. அதற்காக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரை ஐந்து மாதம் பணயம் வைத்தேன். அந்த ஐந்து மாதமும் விடுப்பே எடுக்கக் கூடாது என்று அந்த அம்மாவைக் கெஞ்சினேன். “எனக்குக் காச்ச வந்தாலும் உங்களக் கேட்டுட்டுத்தான் வரணுமுங்களா?” என்றாள். கூடவே இன்னும் நாலு பேரைக் காதில் பஞ்சு இல்லாமல் கதவருகே நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள்.

பாய் ஓய்வு பெற்ற நாளில் அந்த அம்மா ஒரு மாலை வாங்கி வந்திருந்தாள். எல்லோரும் துண்டை உதறி வழியனுப்பினார்கள். அவர் பதினாறாம் நம்பர் டோக்கனைத் தன் சட்டையில் துடைத்து என் மேசையில் வைத்தார். லைன் வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதத் தவணையும் முறைப்படி எழுதிக் கையில் கொடுத்தாயிற்று. அவர் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் அறைக்குப் போய்க் கடிதத்தை வைத்தேன். பதிவேட்டில் ‘கேட்டது’ என்று இருப்பது பொய், எழுதியவன் நான், சங்கு எப்போதும் கேட்டதில்லை, இதன் நகலை இன்ஸ்பெக்டருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இவ்வளவுதான் அதில்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். “பதினாலு மாசம் இத வயித்துல வெச்சுக்கிட்டு எப்படிங்க சோறு தின்னீங்க?” என்றார்.

நியாயமான கேள்வி. வயிற்றுப்புண்ணுக்குத் தினம் மூன்று மாத்திரை தின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

என்னை டைம் ஆபீஸிலிருந்து எடுத்துக் குடோனில் போட்டார்கள். பேல்களை எண்ணும் வேலை. இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்து, ஐந்தாம் மாதம் ஆறு சிவப்பு விளக்குகள் மாட்டினார்கள். ஒத்திகையைக் குடோன் வாசலில் நின்று பார்த்தேன். எண்ணும் வேலை அப்போது என்னுடையது அல்ல, ஆனாலும் எண்ணினேன். விளக்கைப் பார்த்துத்தான் வந்தார்கள், ஆனால் வரும்போது எல்லோரும் துண்டை உதறிக்கொண்டே வந்தார்கள். ஒருவரும் பாக்கி இல்லை. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

சில மாதம் கழித்துத் தருமபுரியில் பாயின் தம்பி பூட்டுக்கடைக்குப் போனேன். பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாவி அராவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினார். விளக்கு வந்ததா என்று கேட்கிறார். ஆறு விரல் காட்டினேன்.

கொஞ்ச நேரம் சாவியை அராவினார். பிறகு கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்: “வெளக்குன்னா ஷெட்டுலயே மொதல்ல எனக்குத்தாங்க சார் தெரிஞ்சிருக்கும்.”

ஆமாம் என்று தலையாட்டினேன். டீ வரவழைத்தார், குடித்தேன். மாடியில் அவர் மனைவியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஏறினேன். பதிமூன்று படிதான்.